உங்களுக்குத் தெரியுமா? கோடு போட்டுக் காட்டாமலே உறுப்பு பிரிக்கும் கம்ப்யூட்டர்

படத்தில் நாயின் காது எது, கால் எது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுத்தர, ஆள் வைத்து ஒவ்வொரு உறுப்பையும் சுற்றிக் கோடு போடுவதே பழைய வழி. பொறுமையைச் சோதிக்கும் வேலை.

2021-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்களும் பிரான்ஸின் இன்ரியா நிறுவனத்தாரும் உருவாக்கிய 'டினோ' மாடலுக்கு அப்படி ஒரு கோடுகூடப் போட்டுக் காட்டவில்லை. அதில் ஆசிரியர், மாணவர் என இரண்டு நெட்வொர்க்குகள். ஒரே படத்தின் பெரிய பகுதி ஆசிரியருக்கு. மாணவருக்கு அதன் சின்னச் சின்னத் துண்டுகளும் வரும். கண்ணில் பட்டது மூக்கு நுனி மட்டுமே என்றாலும், ஆசிரியரின் விடையோடு மாணவர் ஒத்துப்போக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆசிரியருக்கும் சரியான விடை தெரியாது! மாணவர் கற்றுக்கொண்டே வருவதன் சராசரிதான் ஆசிரியர்.

இப்படிப் பழகியே, பின்னணியிலிருந்து பொருளைப் பிரித்துப் பார்க்கும் திறன் டினோவுக்குத் தானாக வந்துவிட்டது.

2023-இல் வந்த 'டினோ வி2' பழகியது 14.2 கோடி படங்களில். படத்தை 14 பிக்ஸல் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் எண் வரிசையாக்குகிறது. ஒத்துப்போகும் எண்களுக்கு ஒரே நிறம் பூசினால் தலை ஒரு நிறம், உடல் வேறு நிறம் எனப் பிரிந்து நிற்கும். உறுப்புகளின் பெயர் மட்டும் அதற்குத் தெரியாது. ஆனாலும் பறவையின் இறக்கையை விமானத்தின் இறக்கையோடு ஜோடி சேர்த்துவிடுகிறது.