சிகரெட்டே தொடாதவருக்கு மூச்சிரைப்பு ஏன்? விறகுப் புகை இதயம் வரை போகும் கதை

"சிகரெட், பீடி பழக்கம் உண்டா?" மூச்சிரைப்போடு வரும் அறுபது வயது அம்மாவிடம் டாக்டர் கேட்கும் வழக்கமான கேள்வி. "அய்யோ, அதெல்லாம் இல்லீங்க" என்பதுதான் பதில். முப்பது வருஷம் ஊதுகுழலோடு விறகடுப்பு முன்னால் உட்கார்ந்த கணக்கு அந்தப் பதிலில் வருவதில்லை. செக்கப்புக்கு அழைத்துப்போகும் பிள்ளைகள்தான் அதைச் சொல்ல வேண்டும்.

விறகுப் புகை என்றாலே இருமல், கண்ணெரிச்சல் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் விறகு, கரி, வறட்டி, மண்ணெண்ணெய் அடுப்புகளின் புகையால் 2020-ல் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் 32 சதவீதம் இதய நோய், 23 சதவீதம் பக்கவாதம். பாதிக்கு மேல் இதயமும் ரத்தக்குழாயும்தான்! நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயான சிஓபிடி 19 சதவீதம்.

எப்படி? புகையில் இருக்கும் பிஎம் 2.5 துகள், தலைமுடித் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கைத் தாண்டி, நுரையீரலின் காற்றுப்பை வரை போய் உட்கார்ந்துவிடும். அங்கே தொடங்கும் அழற்சி ரத்தம் வழியாக உடல் முழுக்கப் பரவும். ரத்தக்குழாய் இறுகும், பிரஷர் ஏறும், ரத்தம் எளிதில் உறையும். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே அடைப்பு உள்ள இதயத்துக்கு இது இரட்டை அடி.

"அதான் சிலிண்டர் வந்தாச்சே?" வந்தாச்சு. ஆனால் பல வீடுகளில் குழம்பு கேஸில், குளிக்க வெந்நீர் விறகில். விலை ஏறினால் சோறும் விறகுக்கே திரும்பிவிடும்.

விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களும் இடம்பெற்ற 'ஹேப்பின்' ஆய்வு நான்கு நாடுகளில் நடந்தது. கர்ப்பிணிகளுக்கு இலவச கேஸ் கொடுத்ததில், அவர்கள் சுவாசித்த பிஎம் 2.5 ஒரு கனமீட்டருக்கு 24 மைக்ரோகிராமாக இருந்தது. விறகு வீடுகளிலோ சுமார் 70. இவ்வளவு குறைந்தும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பல வருஷப் புகையின் பாதிப்பு சில மாத கேஸில் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆண்டு சராசரி வரம்பு வெறும் 5.

விறகை உடனே விட முடியாத வீட்டில், முதலில் வெந்நீர் அடுப்பை வெளியே, வாசல் ஜன்னலைவிட்டுத் தள்ளி வைக்கலாம். ஈர விறகு வேண்டாம், அதில்தான் புகை அதிகம். முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வதில் பெரிய பலன் கிடையாது, துகள் துணிக்குள் புகுந்துவிடும்.