காசு நம்மளது... பூட்டு யாருது?

ஆசையா ஒரு பைக் வாங்குறீங்க. சில வருஷம் கழிச்சு கம்பெனிக்காரர் வந்து, 'இனிமே பின் சீட் கிடையாது'ன்னு கழட்டிட்டுப் போனா சும்மா விடுவீங்களா? கிட்டத்தட்ட இதே கூத்துதான் 2010-ல் சோனியின் ப்ளேஸ்டேஷன் 3 வைத்திருந்தவர்களுக்கு நடந்தது.

2006-ல் அந்தக் கன்சோல் வந்தபோது, லினக்ஸ் ஏற்றிக் கம்ப்யூட்டராகவும் பயன்படுத்தலாம் என்ற வசதி இருந்தது. பெயர், 'அதர் ஓ.எஸ்.' ஒப்புக்கு வைத்த வசதி இல்லை பாஸ்... அமெரிக்க விமானப்படையே 1,700-க்கும் மேற்பட்ட பி.எஸ்.3-களைக் கோத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் செய்தது!

2010 ஜனவரியில், அந்த லினக்ஸ் வழியாகவே கன்சோலுக்குள் புகுந்துவிட்டதாக அறிவித்தார் ஜார்ஜ் ஹாட்ஸ். 17 வயதில் ஐபோனின் பூட்டை உடைத்தாரே, அதே ஆள்தான். பதறிப்போன சோனி, ஏப்ரல் 1-ம் தேதி ஒரு அப்டேட் விட்டு அந்த வசதியையே தூக்கியது. முட்டாள்கள் தின ஜோக்குன்னு நினைச்சவங்க பாவம். அப்டேட் வேண்டாம் என்றால் ஆன்லைனில் ஆட முடியாது. லினக்ஸா, ஆட்டமா? ஏதாவது ஒண்ணுதான்!

அதுவரை சும்மா இருந்த லினக்ஸ் பிரியர்கள் உள்ளே குதித்தார்கள். டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் 'ஃபெயில் ஓவர்ஃப்ளோ' குழு குட்டை உடைத்தது. டிஜிட்டல் கையெழுத்து போடும்போது ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டிய ரேண்டம் எண்ணை சோனி மாற்றவே இல்லை. எப்பவும் ஒரே எண்! இரண்டு கையெழுத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ரகசியச் சாவி கையில். ரெண்டு சமன்பாடு, ரெண்டு தெரியாத எண்... நம்ம பள்ளிக்கூடக் கணக்கு மாதிரிதான். அடுத்த மாதமே ஹாட்ஸ் முக்கியமான சாவி ஒன்றை வெளியிட, சோனி கோர்ட்டுக்குப் போனது. ஏப்ரலில் சமரசம்.

இதுவரை ஹேக்கர் ஹீரோ. ஆனால் லினக்ஸுக்குத் திறக்கிற சாவி, திருட்டு கேமுக்கும் திறக்கும். சேகாவின் ட்ரீம்காஸ்ட்டைக் கேளுங்கள். 2000-ல் காப்பி சிடிக்கள் எந்த சிப்பும் மாட்டாமலேயே அதில் ஓடின. 2001 மார்ச்சில் தயாரிப்பே நின்றது. பி.எஸ்.2-வின் போட்டியும் காரணம்தான். ஆனாலும் ஓசி சிடிக்கு கேம் செய்தவருக்கு ஒரு பைசா போகாதே!

என் கட்சி இதுதான்: சொந்தப் பெட்டியை நோண்டுவது வேறு, அதை வைத்துக் கடை போடுவது வேறு. நின்டெண்டோ கன்சோல்களின் பூட்டை உடைக்கும் கருவிகளை விற்ற கும்பலில் ஒருவருக்கு 2022-ல் அமெரிக்க கோர்ட் 40 மாதம் சிறை கொடுத்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வசதியைக் காட்டி விற்றுவிட்டு, பிறகு பிடுங்கிக்கொண்டதில்தான் வருத்தம்.

அதற்கும் அமெரிக்காவில் வழக்கு நடந்தது. 2018-ல் 37.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொள்ள சோனி ஒப்புக்கொண்டது. அதர் ஓ.எஸ். மட்டும் திரும்பி வரவே இல்லை.