மாதவிடாயை ஒட்டி வரும் ஒற்றைத் தலைவலி

ஒற்றைத் தலைவலி குழந்தைப் பருவத்தில் இருபாலாரிடமும் ஏறத்தாழச் சமமாகவே காணப்படுகிறது. பெண்கள் பூப்பெய்திய பின்னர் இந்நிலை மாறிவிடுகிறது. வயது வந்தோரில் ஓர் ஆணுக்கு மூன்று பெண்கள் என்ற அளவில் இந்நோய் உள்ளது. இவர்களுள் பலருக்கு மாதவிடாயை ஒட்டி வலி தவறாமல் வருவதுண்டு. குமட்டலுடனும், வெளிச்சத்தையும் ஓசையையும் பொறுக்க இயலாத நிலையுடனும் வரும் இவ்வலி, பிற நாட்களில் வருவதைவிட நீண்டு நிற்கும்; மருந்துக்கு எளிதில் அடங்காது. மாதந்தோறும் இரண்டு நாட்கள் பள்ளிக்கு வாராத மாணவியைச் சோம்பேறி என்று கருதுமுன் ஆசிரியர்கள் இதனையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

இதன் காரணம் யாது? மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் இரு ஹார்மோன்களும் இரத்தத்தில் குறைகின்றன. இவற்றுள் எதன் குறைவு வலியை விளைவிக்கிறது என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் பிரையன் சாமர்வில் ஆராய்ந்து, 1971, 1972 ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார். அவர் கையாண்ட முறை மிக எளியது. மாதவிடாய் நெருங்கும் தருணத்தில் புரோஜெஸ்டிரோன் கொடுத்தபோது உதிரப்போக்கு தள்ளிப் போயிற்று. பெரும்பாலோருக்குத் தலைவலியோ வழக்கமான நாளிலேயே வந்தது. ஈஸ்ட்ரடயோல் ஊசி போட்டபோது இதற்கு நேர்மாறாக உதிரப்போக்கு உரிய நாளில் வந்தது. தலைவலி சில நாட்கள் பிந்தியது. ஊசி மருந்தின் வலு குன்றி ஈஸ்ட்ரோஜன் இறங்கிய பின்னரே வலி தோன்றிற்று. எனவே ஈஸ்ட்ரோஜனின் வீழ்ச்சியே முதன்மைக் காரணம் எனக் கொள்ளப்படுகிறது. அந்நாட்களில் கருப்பையில் மிகும் புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருளுக்கும் இதில் பங்குண்டு.

இந்நோயை அறிய இரத்தப் பரிசோதனை வேண்டுவதில்லை. ஒரு நாட்குறிப்பே போதும். மாதவிடாய் தொடங்கிய நாளையும் வலி வந்த நாட்களையும் மூன்று மாதங்கள் குறித்து வர வேண்டும். உதிரப்போக்கு தொடங்குவதற்கு இரண்டு நாட்கள் முன்னரிருந்து அதன் மூன்றாம் நாள் வரையிலான காலத்துள், மூன்று மாதங்களில் இரண்டிலேனும் வலி வந்திருப்பின் ஐயம் பெரிதும் நீங்கும்.

வலி தொடங்கியவுடன் நாப்ராக்சன் அல்லது மெஃபனாமிக் அமிலம் உட்கொள்வது பலருக்குப் பயனளிக்கும். இவற்றுக்கு அடங்காத வலிக்கு மருத்துவர் சுமாட்ரிப்டான் தருவார். இதயநோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. மாதவிடாய் நாள் பிறழாத பெண்களுக்கு, வலியை எதிர்பார்க்கும் நாளுக்கு முன்னரே தொடங்கி ஐந்தாறு நாட்கள் நாப்ராக்சன் அல்லது ஃபுரோவாட்ரிப்டான் கொடுத்து வலியைத் தடுப்பதும் உண்டு. மாதத்தில் 15 நாட்களும் அதற்கு மேலும் சாதாரண வலி மாத்திரைகளை உண்டு வந்தால், அம்மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். டிரிப்டான் வகைக்கு இவ்வெல்லை 10 நாட்களே.

மாலா-என் கருத்தடை மாத்திரை வழங்கும் ஊழியர்கள் மேலும் ஒன்றைக் கருத வேண்டும். அதன் 28 மாத்திரைகளில் 21 மட்டுமே ஹார்மோன் உடையவை. எஞ்சிய ஏழும் இரும்புச் சத்து மாத்திரைகள். இந்த ஏழு நாட்களில் ஈஸ்ட்ரோஜன் இறங்குவதால் சிலருக்குத் தலைவலி வரும். ஆனால் வேறு சிலருக்கு, வலிக்கு முன் கண்ணெதிரே ஒளிக்கோடுகள் நெளிதல், பார்வையில் ஒரு பகுதி மறைதல், கை மரத்தல் போன்ற குறிகள் சிறிது நேரம் தோன்றி மறையும். அத்தகையோர் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை உண்பின் மூளை இரத்தக்குழாய் அடைப்பு நேரும் அபாயம் மிகுதியாதலால், எவ்வயதினராயினும் அவர்களுக்கு இம்மாத்திரை கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. இக்குறிகளைப் பெண்கள் தாமாகச் சொல்வது அரிது. முதல் அட்டையைக் கொடுக்குமுன் ஊழியரே கேட்டறிய வேண்டும். குறிகள் உண்டெனத் தெரிந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்து மருத்துவரிடம் அனுப்புக. அவர்கள் காப்பர்-டி சாதனத்தைப் பயன்படுத்த இந்நோய் தடையன்று.