காற்பந்து பிறக்கும் ஊர்

மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறங்களில் மாலை வேளை என்றால் திடலும் பந்துமே நினைவுக்கு வரும். பந்து உதைக்க ஒரு திடல் இல்லாத தோட்டம் அரிது. கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, மக்கள் அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் முதலிய ஊர்களுக்குக் குடிபெயர்ந்தனர். அப்போதும் பந்து அவர்களை விட்டுப் போகவில்லை. ஆயினும், அந்தப் பந்து எந்த ஊரில் செய்யப்படுகிறது, யார் கையால் தைக்கப்படுகிறது என்று கேட்பவர் மிகச் சிலரே.

கேட்கவேண்டிய கேள்விதான் அது. பந்து செய்யும் தொழில் இடம் பெயர்ந்தபோதெல்லாம் பந்தின் துள்ளலும் விலையும் ஆயுளும் மாறியிருக்கின்றன. ஆடுபவரின் காலும் தலையும் அதற்கேற்பப் பழகவேண்டியிருந்தது. ஆண்டுதோறும் பள்ளிக்குப் பந்து வாங்கிப் பதிவேட்டில் எழுதிவைக்கும் ஆசிரியருக்கு இது வெறும் பொது அறிவுச் செய்தியன்று.

பந்துக்கு உடல் தோல். உயிர் அதனுள் இருக்கும் காற்றுப்பை. பழங்காலத்தில் அந்தப் பை பன்றியின் சிறுநீர்ப்பையாகவே இருந்தது. இங்கிலாந்தில் ரக்பி என்னும் ஊரில், புகழ்பெற்ற பள்ளிக்கூடத்திற்கு அருகே ரிச்சர்டு லிண்டன் என்ற காலணி தைப்பவர் பந்தும் செய்து விற்றுவந்தார். பைகளை வாயால் ஊதும் வேலை அவருடைய மனைவியுடையது. நோயுற்ற விலங்குகளின் பைகளை ஊதி ஊதி அந்த அம்மையார் நுரையீரல் நோயால் மாண்டார் என்பர். அதன்பின் 1862-ஆம் ஆண்டையொட்டி லிண்டன் ரப்பர்க் காற்றுப்பையைக் கையாளத் தொடங்கினார். அதை ஊதுவதற்குப் பித்தளைக் குழாய் ஒன்றையும் அமைத்தார். பந்து ஒரே அளவாக உருண்டு திரண்டது அதற்குப் பிறகுதான்.

அந்நாளைய ரப்பர் பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்து வந்தது. 1876-இல் ஹென்றி விக்காம் அங்கிருந்து விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டே நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. மலாயாவில் அதை வாணிகப் பயிராக முதன்முதலில் நட்டவர் தான் சே யான். நட்ட ஆண்டு 1896. நட்ட இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங். பின்னர்ப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. மலாயாவின் கித்தாக் காடுகளில் பால் வெட்டத் தமிழர் கப்பல் கப்பலாக வந்து சேர்ந்தனர். உலகின் காற்பந்துகளுக்குள் அடைபட்ட ரப்பரில் அவர்கள் வெட்டிய பாலும் கலந்திருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளோ மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை நார்நாராக உரித்து, சுற்றிச் சுற்றி உருட்டித் தங்கள் முதற்பந்தைத் தாங்களே செய்துகொண்டனர். பால் போன இடம் தெரியாது. கடைப்பந்து வந்த இடமும் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் இருந்தவை இந்த உருண்டைகளே.

கடைப்பந்து அக்காலத்தில் பெரும்பாலும் இங்கிலாந்துப் பந்து. பழுப்புத் தோல், வாய்ப்பகுதியில் காலணிபோல் வார்க்கட்டு. வாரை அவிழ்த்துக் காற்றுப்பையை வெளியே எடுக்கலாம். ஓட்டை விழுந்தால் மிதிவண்டிக் கடையில் ஒட்டுப்போட்டு மீண்டும் திணிக்கலாம். இது அதன் பெருங்குணம். அதன் பெருங்குற்றம் மழை. தோல் நீரை உறிஞ்சும், பந்து கனக்கும். ஆட்ட விதி 1937 முதல் பந்தின் எடை 14 முதல் 16 அவுன்சு வரை இருக்கவேண்டும் என்று கூறுகிறது. ஆனால் 'ஆட்டத் தொடக்கத்தில்' என்றொரு சொல்லும் அதில் உண்டு. ஆட்டத்தின் நடுவில் பந்து எவ்வளவு கனத்தது என்று எந்த நடுவரும் நிறுத்துப் பார்த்ததில்லை. இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஆஸ்டில் 2002-இல் தம் 59-ஆம் வயதில் மூளை நலிந்து இறந்தபோது, பலமுறை பந்தைத் தலையால் முட்டியதே காரணம் என்றும், அது தொழிலால் விளைந்த நோய் என்றும் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். இப்பொழுது இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத் தலைமுட்டுப் பயிற்சி தரலாகாது என்று 2020-இல் நெறிமுறை வகுக்கப்பட்டுள்ளது. நம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் கருத்தில் கொள்ளத்தக்கது இது.

பந்து மாறினால் ஆட்டமே மாறும் என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 1930-இல் நடந்த முதல் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அர்ஜெண்டினாவும் உருகுவேயும் தத்தம் பந்தே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தன. முற்பாதிக்கு அர்ஜெண்டினாவின் பந்து, பிற்பாதிக்கு உருகுவேயின் பந்து என்று முடிவாயிற்று. இடைவேளையில் அர்ஜெண்டினா 2-1 என முன்னணியில் நின்றது. ஆட்டம் முடிந்தபோது உருகுவே 4-2 என வென்றிருந்தது! முழுப்புகழையும் பந்துக்கே கொடுப்பது முறையன்று. ஆனாலும் பந்துக்கு அதில் பங்கில்லை என்று யாரும் சொல்லத் துணியவில்லை. அடுத்த ஆண்டிலேயே அர்ஜெண்டினாவின் பெல் வில் என்னும் ஊரில், வார்க்கட்டு இன்றி ஊசியால் காற்றடைக்கும் பந்து தோன்றிற்று.

இனி, பந்து கீழ்நாட்டிற்கு வந்த கதை. பஞ்சாபின் சியால்கோட் நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டென்னிஸ் மட்டைகளும் கிரிக்கெட் மட்டைகளும் செய்து பெயர் பெற்றது. ஆங்கிலேயப் படைவீரர் ஒருவர் கிழிந்த காற்பந்தை அவ்வூர்ச் சேணம் தைப்பவரிடம் கொடுத்ததாகவும், அவர் அதைச் செம்மையாகத் தைத்துக் கொடுத்ததே இத்தொழிலுக்கு விதையாயிற்று என்றும் ஊரார் சொல்வர். 1947-இல் நாடு பிரிந்தபோது இத்தொழிலும் இரண்டாகப் பிளந்தது. இந்து, சீக்கிய முதலாளிகளும் கைவினைஞரும் எல்லை கடந்து ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் வந்து பட்டறை போட்டனர். முஸ்லிம் கைவினைஞர் சியால்கோட்டிலேயே இருந்தனர். ஒரே ஊரின் கைத்திறம் இரு நாட்டுப் பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்றும் இந்தியப் பந்து என்றால் ஜலந்தர், மீரட். பாகிஸ்தான் பந்து என்றால் சியால்கோட்.

கையால் பந்து தைப்பது எளிய வேலையன்று. 1970-ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்தில் புகழ்பெற்ற கறுப்பு வெள்ளைப் பந்தை நினைவில் கொள்க. இருபது அறுகோணத் துண்டுகள், பன்னிரண்டு ஐங்கோணத் துண்டுகள், அவற்றை இணைக்கும் தையல் வரிகள் தொண்ணூறு. (கணக்கு ஆசிரியர் இதை வகுப்பிலேயே மெய்ப்பிக்கலாம்: எல்லாத் துண்டுகளின் பக்கங்களையும் கூட்டினால் 180, இரு பக்கம் சேர்ந்து ஒரு வரியாவதால் 90.) தைப்பவர் இரு முழங்கால்களுக்கும் இடையே மரக்கவ்வியில் துண்டுகளைப் பிடித்து, மெழுகிட்ட நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, எதிரெதிராக இழுத்து முடிபோடுவார். பந்து உள்புறம் வெளியே தெரியும்படி தைக்கப்பட்டு, பின்னர்த் திருப்பப்படும். கடைசிச் சில தையல்களைக் கண்ணால் பாராமல் விரலுணர்வாலேயே முடிக்கவேண்டும். பழகிய கைக்கும் ஒரு பந்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும்.

கூலி குறைவு என்பதால் ஐரோப்பிய நிறுவனங்கள் தங்கள் தையல் வேலையைச் சியால்கோட்டிற்கு அனுப்பின. 1990-ஆம் ஆண்டுகளில் உலகில் கையால் தைத்த காற்பந்துகளில் பெரும்பகுதி அந்த ஒரு வட்டாரத்திலிருந்தே சென்றது. இதற்குள் தோலும் மறைந்துவிட்டது. 1986-இன் உலகக் கிண்ணப் பந்து முழுதும் செயற்கைத் தோலால் ஆனது. மழையில் கனக்கும் குறை நீங்கிற்று. அலோர் காஜாவில் 1950-இல் பிறந்து நாட்டின் தற்காப்பு அரணாக விளங்கிய சோ சின் ஆனின் தலைமுறையினர் தோல்பந்தில் கற்றவர்கள். அவர்களுக்குப் பின்வந்தவர்கள் அதைத் தொட்டதே இல்லை.

ஆனால் வெளியே பளபளத்த அந்தப் பந்தின் உள்ளே ஓர் அவலம் இருந்தது. தையல் வேலை சிற்றூர்களின் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. வீட்டில் குழந்தைகளும் உட்கார்ந்து தைத்தனர். ஐந்து முதல் பதினான்கு வயது வரையுள்ள ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இவ்வேலையில் இருந்ததாக அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் ஆய்வு 1996-இல் மதிப்பிட்டது. பள்ளியில் இருக்கவேண்டிய பிள்ளை தைத்த பந்தைப் பள்ளிப் பிள்ளை உதைத்தது. 1997 பிப்ரவரியில் அட்லாண்டா நகரில் சியால்கோட் வணிகக் கழகமும் அந்த அமைப்பும் ஐ.நா. குழந்தைகள் நிதியமும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. தையல் வீடுகளிலிருந்து கண்காணிப்புள்ள கூடங்களுக்கு மாற்றப்பட்டது.

நல்ல ஏற்பாடுதான். எனினும் வீட்டை விட்டு வெளியே சென்று வேலை செய்யும் வழக்கமில்லாத பெண்கள் பலர் தங்கள் சிறு வருவாயை இழந்தனர். பெண்களுக்கென்று தனிக்கூடங்கள் பிறகே ஏற்பட்டன. 2006 நவம்பரில், வீடுகளில் தையல் நடக்கிறது என்று கூறி நைக்கி நிறுவனம் அங்கிருந்த தன் பெரிய உற்பத்தியாளருடன் உறவை முறித்துக்கொண்டது. ஆயிரக்கணக்கானோரின் வேலைக்கு அடி விழுந்தது. குழந்தையை வேலையிலிருந்து மீட்பது ஒன்று. அதன் தாய்க்கு வேலை தருவது இன்னொன்று. முதலாவதைச் செய்து இரண்டாவதை மறந்த சீர்திருத்தம் அரைச் சீர்திருத்தமே.

இதற்கிடையில் ஊசியையே வேண்டாத பந்து பிறந்தது. துண்டுகளைச் சூடேற்றி ஒட்டும் முறை 2004-இன் ஐரோப்பியக் கிண்ணப் பந்தில் அரங்கேறிற்று. மலிவுப் பந்துகளோ சீனாவில் பொறித்தையலாகக் குவிந்தன. 2010-இன் உலகக் கிண்ணப் பந்தாகிய ஜபுலானிக்கு எட்டே துண்டுகள். அது செய்யப்பட்டது சீனாவில். மேலுறைப் பொருள் தைவானிலிருந்து. காற்றுப்பை இந்திய ரப்பர்ப்பாலால் ஆனது. தையல் வரிகள் குறைந்து பந்து வழவழப்பானதால், சுழலாமல் வேகமாக வரும்போது அது காற்றில் திடீரென விலகியது. இலக்குக் காவலர்கள் வெகுவாகக் குறைகூறினர். அடுத்த 2014-ஆம் ஆண்டுப் பந்துக்குத் துண்டுகள் ஆறே எனினும் அவற்றின் விளிம்புகள் ஆழமாகவும் நீளமாகவும் அமைக்கப்பட்டன; பறப்பு சீர்பட்டது. சீனத் தொழிற்சாலையால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமற்போக, அதைச் செய்யும் பணி சியால்கோட்டிற்கே திரும்பி வந்தது. அந்நகரம் புதிய பொறிகளை நிறுவி, ஊசியில் இழந்ததைச் சூட்டில் மீட்டுக்கொண்டது.

மலேசியா அப்படி மீட்டுக்கொண்டதா? இயற்கை ரப்பரில் உலகின் முதலிடம் 1990-ஐ ஒட்டி நம்மை விட்டுப் போயிற்று. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் முந்திக்கொண்டன. நம் கையுறைத் தொழிற்சாலைகளே இன்று தாய்லாந்தின் ரப்பர்ப்பாலை இறக்குமதி செய்கின்றன. புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிய தொழில், பந்துவரை வந்து சேராமலேயே செம்பனைக்கு வழிவிட்டது. பாலை வெட்டிக் கொடுத்தவர்கள் பந்தை விலைக்கு வாங்குகிறவர்களாகவே நின்றுவிட்டனர்.

வாங்குகிறவர்கள் அறிந்து வாங்கலாம் அல்லவா? சிறு பள்ளிக்குப் பந்துச் செலவு பெருஞ்செலவு. கடையில் ஒன்றுபோல் தோன்றும் பந்துகள் உண்மையில் மூன்று நான்கு வகை. முழுதும் ரப்பரால் வார்த்த பந்து செம்மண் திடலிலும் கல்திடலிலும் நெடுநாள் உழைக்கும். ஆனால் காலில் சுரீரென்று படும், சிறுவருக்குப் பந்தின்மேல் அச்சம் வரும். பொறியில் தைத்த பந்து மெல்லியது, மலிவானது. தையல் விட்டால் குப்பைக்கே போகும். ஒட்டிய பந்தில் நீர் புகாது. விளிம்பு பிரிந்தால் அதற்கும் பழுதுபார்ப்பு இல்லை. கையால் தைத்த பந்து விலை கூடியது. ஆனால் நூல் அறுந்தால் மறுபடி தைக்கலாம். தைத்துத்தரும் ஆள் ஊரில் இருந்தால்தான்! காலணி தைப்பவர்கள் பட்டணத்துத் தெருக்களில் அருகிவிட்ட இந்நாளில் மெழுகு நூலும் வளைந்த ஊசியும் வாங்கி மூத்த மாணவர்க்கே கற்பிப்பது ஒரு வழி. கைவினைப் பாடமாகவும் அமையும்.

காற்றுப்பையையும் கவனித்தல் வேண்டும். இயற்கை ரப்பர்ப்பாலால் ஆன பை நன்றாகத் துள்ளும். சில நாளிலேயே காற்று இறங்கும். பெட்ரோலியத்திலிருந்து செய்யும் பியூட்டைல் பை துள்ளலில் சற்றுக் குறைந்தாலும் வாரக்கணக்கில் காற்றைத் தாங்கும். எந்தப் பை என்பது பெட்டியின்மேல் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். பம்பு இரவல் வாங்கும் பள்ளிக்குப் பியூட்டைலே ஏற்றது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு நான்காம் எண் பந்தே பொருந்தும்; பெரியவர்களின் ஐந்தாம் எண் பந்தைக் கொடுப்பது சிக்கனமாகத் தோன்றினாலும் பிள்ளையின் கணுக்காலுக்கு நல்லதன்று. காற்றடைக்குமுன் ஊசியைக் கிளிசரினிலோ, அது கிடைக்காவிடில் நீரிலோ நனைத்துச் செருகவேண்டும். உலர்ந்த ஊசியால் வாய்கிழிந்து வீணாகும் பந்துகள், ஆட்டத்தில் வெடிப்பவற்றைவிடக் குறைவாக இருக்கமாட்டா.