‘நான் யார்?’ இணையத்தில்

அத்வைத நூல்களை இணையத்தில் தேடுகிறவர்கள் ரமண மகரிஷியின் ‘நான் யார்?’ நூலிலிருந்து தொடங்கலாம். மிகச் சிறிய நூல், எளிய தமிழ். திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இந்த நூல் பிறந்த விதம் அருமையானது. 1902 வாக்கில், விருபாட்ச குகையில் பேசாமல் இருந்த இளம் ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் கேள்விகள் கேட்டார். பதில்கள் எழுத்தாகவே வந்தன. பிள்ளை அவற்றைக் காத்து வைத்திருந்து, 1923-இல் அச்சேற்றினார். பிறகு ரமணரே கேள்விகளை நீக்கிக் கட்டுரையாகவும் எழுதித் தந்தார். அதனால் இணையத்தில் கேள்வி பதிலாக ஒன்றும் கட்டுரையாக ஒன்றும் கண்டால் குழம்ப வேண்டாம். கேள்விகளின் எண்ணிக்கைகூடப் பதிப்புக்குப் பதிப்பு மாறும். என்னைக் கேட்டால், ரமணர் கைப்பட எழுதிய கட்டுரையை முதலில் படியுங்கள்.

அடுத்து, தாண்டவராய சுவாமிகளின் ‘கைவல்ய நவநீதம்’. குருவும் சீடனும் உரையாடும் செய்யுள் நூல் இது. உரையுள்ள பதிப்பாகத் தேடி எடுங்கள். பழைய பதிப்புகள் பல வெறும் பக்கப் படங்களாக இருப்பதால், உள்ளேயுள்ள வரியைத் தட்டித் தேடினால் அகப்படாது. நூலின் பெயரோடு ஆசிரியர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

சமூக ஊடகங்களில் ரமணர் படத்தோடு சுற்றிவரும் ஒற்றை வரிகளை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். எந்த நூலில், எந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் என்று மூலத்தைத் திறந்து பாருங்கள்.