கலாமின் பெயர் கொண்ட பாக்டீரியா

விழிஞ்ஞம் துறையில் ஒரு கரண்டி கடல்நீரை மொண்டெடுத்தால் அதில் பல லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். ஆனால் நுண்ணோக்கியின் வழியே பார்ப்பவருக்கு அவை வெறும் கோல்களும் உருண்டைகளும் சுருள்களுமாகவே தென்படுமாதலால், இன்னது இன்ன ஜாதி என்று கண்ணை மட்டும் நம்பித் தீர்மானிப்பது, கரையில் நின்றுகொண்டு தூரத்து வள்ளத்தின் வலையில் விழுந்த மீன் எதுவென்று சொல்வதற்குச் சமானம். போதாக்குறைக்கு, அவற்றுள் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்து அகார் தட்டில் வளரவே சம்மதிப்பதில்லை. ஆகவே 'புதிய பாக்டீரியா கண்டுபிடிப்பு' என்று பத்திரிகைகள் ஒற்றை வரியில் சொல்லிவிடும் சமாசாரம் உண்மையில் ஒரு நீண்ட விசாரணையின் தீர்ப்பு. அதுவும் மேல்முறையீட்டுக்கு உட்பட்ட தீர்ப்பு.

இதே கடற்கரையில் வடக்கே இருக்கிறது தும்பா. 1963 நவம்பர் 21 அன்று அந்த மீனவக் கிராமத்திலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியபோது அதற்காக உழைத்த இளைஞர்களுள் ராமேசுவரத்து அப்துல் கலாமும் ஒருவர். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 40 மாத காலம் காற்றைச் சலித்துக்கொண்டிருந்த ஒரு வடிகட்டியிலிருந்து கஸ்தூரி வெங்கடேஸ்வரன் முதலிய நாசா ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்கு, 2017இல், அவர் பெயராலேயே சோலிபேசில்லஸ் கலாமி என்று நாமகரணம் ஆயிற்று. வேற்றுலக ஜீவன் என்று யாரும் பரவசப்பட வேண்டியதில்லை. சாமான்களோடு சாமானாகப் பூமியிலிருந்து ஏறிப்போனதாகவே அது கருதப்படுகிறது.

அது புதியது என்று எப்படித் தெரிந்தது? ஒரே செல்லிலிருந்து பெருகிய கலப்பற்ற வளர்ப்பைப் பெற்று, கிராம் சாயம் ஏற்கிறதா, பிராணவாயு இன்றி வாழுமா, செல்சுவரிலும் கொழுப்பிலும் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்றெல்லாம் சோதித்தபின், சுமார் 1,500 எழுத்துகள் கொண்ட 16எஸ் என்னும் மரபணுவைப் படித்து ஏற்கெனவே அறியப்பட்ட இனங்களின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். சோலிபேசில்லஸ் இஸ்ரோனென்சிஸ் என்ற இனத்தோடு அது ஏறக்குறைய 99 சதவீதம் ஒத்திருந்தது. அந்த ஒரு மரபணுவோடு நின்றிருந்தால் இரண்டும் ஒன்றென்றே எழுதி முடித்திருக்கலாம். ஆனால் இரு பாக்டீரியாக்களின் முழு டி.என்.ஏ.வையும் இழை பிரித்துக் கலந்து, ஒன்றின் இழை மற்றதன் இழையோடு எவ்வளவு இணைகிறது என்று அளந்தபோது, பொருத்தம் பாதியைக்கூட எட்டவில்லை. 70 சதவீதத்துக்குக் குறைந்தால் வேறு இனம் என்பது 1987இல் நிபுணர் குழு வகுத்த வரம்பு. இக்காலத்தில் முழு மரபுத்தொகுதியையும் படித்துக் கணினியிலேயே ஒப்பிடுகிறார்கள். அங்கே எல்லைக்கோடு 95, 96 சதவீதம். இயற்கை போட்ட கோடல்ல, மனிதர் வசதிக்காகப் போட்டுக்கொண்ட கோடு என்பதை மறக்கலாகாது.

பெயரிடுவதற்கும் சட்டம் உண்டு. உயிருள்ள மூல வளர்ப்பை இரு வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைத்து, அதற்கென உள்ள சர்வதேச சஞ்சிகையில் விவரம் வெளியானாலோ, வேறிடத்தில் வெளியானது அங்கே அங்கீகரிக்கப்பட்டாலோதான் பெயர் செல்லும். சந்தேகம் கொண்ட எவரும் அந்த வளர்ப்பை வரவழைத்து மறுபடி சோதிக்கலாம் என்பதே இதன் தாத்பரியம்.

அப்படிச் சோதித்தும் இருக்கிறார்கள். மேற்சொன்ன இஸ்ரோனென்சிஸ், 2005இல் ஹைதராபாத்திலிருந்து பறந்த இஸ்ரோ பலூன் வளிமண்டலத்தின் மேலடுக்கில் சேகரித்த காற்றில் அகப்பட்டது. 2009இல் பேசில்லஸ் பேரினத்தில் வைத்து விவரிக்கப்பட்டு, 2016இல் சோலிபேசில்லஸுக்கு மாற்றப்பட்டது. அதனுடன் கிடைத்து, ஆரியபட்டரின் பெயரைப் பெற்ற பேசில்லஸ் ஆரியபட்டாயின் கதி இன்னும் சிக்கலானது: பழைய பேசில்லஸ் மெகாடீரியமே அது, தனி இனமன்று என்று 2019இல் ஓர் ஆய்வு வாதிட, மறு வருஷமே வேறொரு குழு இரண்டையும் பிரீஸ்டியா என்ற புதுப் பேரினத்தில் குடியேற்றியது. முன்னவர்களின் வாதம் நிலைத்தால், முந்திய பெயருக்கே உரிமை என்ற விதிப்படி, 1884இல் டி பாரி இட்ட மெகாடீரியம் என்ற பெயரே செல்லுபடியாகும்.