பூனையின் மூன்றாவது இமை



கண்ணாடி முன்னால் நின்று உங்கள் கண்ணை உற்றுப் பாருங்கள். மூக்கை ஒட்டிய ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு சின்ன மடிப்பு தெரிகிறதா? பூனைக்கு அதே இடத்தில் முழு இமையே இருக்கிறது. மேல் இமை, கீழ் இமையோடு சேர்த்து அது மூன்றாவது இமை. கண்ணீரை விழி முழுக்கப் பரப்புவதும், தூசியும் கீறலும் படாமல் காப்பதும் அதன் வேலை. கண்ணீர் சுரக்கும் சுரப்பி ஒன்றும் அதன் அடியில் இருக்கிறது.

நல்ல உடல்நிலையில் விழித்திருக்கும் பூனையிடம் இந்த இமை அநேகமாகத் தெரியாது. கண் வலித்தால் பூனை விழியை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடனே அந்த இமை வெளிறிய சவ்வாக மூக்கோரத்தில் இருந்து நழுவி வரும். ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் அந்தக் கண்ணில்தான் கோளாறு. இரண்டிலும் தெரிந்தால் வயிற்றுப்போக்கு போல உடம்பில் வேறு நோய் இருக்கலாம். பூனை வலியை வெளியே காட்டிக்கொள்ளாது. இந்த இமைதான் நமக்குத் தகவல் சொல்கிறது.

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பும் நெல்லும் அதிகம். எலியைத் துரத்திக் கரும்புக்குள் பாயும் பூனையின் கண்ணைக் கரும்பின் இலையான சோகை கீறிவிடும். களத்து மேட்டில் நெல் சுணை கண்ணில் விழும். சண்டையில் இன்னொரு பூனையின் நகம் படும். குட்டிகளுக்கோ வைரஸால் வரும் சளிதான் பெரிய பகை. தும்மல், மூக்கொழுகல், கண்ணில் பீளை என்று வந்து, காலையில் இமை இரண்டும் ஒட்டிக் கிடக்கும். குட்டி பிறந்து 7 முதல் 10 நாளில் கண் திறக்கும். அதற்கு முன்பே மூடிய இமை வீங்கினால் உள்ளே சீழ் சேர்ந்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்? கொதித்து ஆறிய நீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, காய்ந்த பீளைமேல் சிறிது நேரம் வையுங்கள். ஊறியதும் மெதுவாகத் துடைத்தெடுங்கள். காய்ந்ததைப் பிய்க்கக் கூடாது. ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், தாத்தாவின் கண் சொட்டு மருந்து என எதையும் பூனையின் கண்ணில் விட வேண்டாம். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். கருவிழியில் புண் இருந்தால் அது புண்ணை ஆறவிடாது. வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்தால் பூனை செத்தே போகும். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.

மருத்துவர் கண்ணில் ஒருவகைச் சாயத்தை விட்டு நீல விளக்கைக் காட்டுவார். கருவிழியில் புண் இருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். இப்படி முதலிலேயே கண்டுபிடித்தால் பல புண்கள் ஆறிவிடும். ஆழமாகிவிட்டால் தழும்பாகி வெள்ளை படரும். ஊரில் ‘பூ விழுந்திருக்கு’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் சாலையில் சின்னசேலம் தாண்டினால் தலைவாசலில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கல்வராயன் மலைக் கிராமங்களில் இருப்பவர்கள், பெரியவர்களை 1962 என்ற கால்நடை உதவி எண்ணில் பேசி வழி கேட்கச் சொல்லுங்கள்.

வலியில் பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ மறைக்காதீர்கள். ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பார்வை போன பூனையும் மீசை, காது, மூக்கை வைத்து நன்றாக வாழும். அதன் சோற்றுத் தட்டையும் படுக்கையையும் இடம் மாற்றாதீர்கள். வெளியே தனியாக விடாதீர்கள்.

உங்கள் பூனை ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தால், நாளைக்குச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே அப்பா அம்மாவிடம் சொல்லி மருத்துவரிடம் கொண்டு போங்கள்.